அந்தரத்தில் ஒரு நொடி

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 21. சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல்ரவுண்ட் இறுதிப் போட்டி. ஓடிவந்து, ஸ்பிரிங் போர்டை மிதித்தெழுந்து, குதிரை என்று பெயர் பெற்ற திண்டின் மீது கை ஊன்றிப் பாயும் வால்ட் பிரிவில் என்னவோ சரியில்லை. போட்டிக்கு முந்தைய ஒத்திகையிலேயே ஓர் அமெரிக்க வீராங்கனை முதுகு தரையில் அடிக்க விழுந்தார். தங்கம் இவருக்குத்தான் என்று பேசப்பட்ட ரஷ்யாவின் ஸ்வெத்லானா ஹோர்கினா முழங்காலில் வந்து இறங்கினார். வாழ்நாளெல்லாம் பழகிய வித்தையை உலகின் முதல்தர வீராங்கனைகள் அடுத்தடுத்துச் சொதப்பிக்கொண்டிருந்தார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் நடுவர் அல்ல. தன் முறைக்காகக் காத்திருந்த ஆஸ்திரேலிய வீராங்கனை அலானா ஸ்லேட்டர். குதிரை குள்ளமாகத் தெரிகிறதே என்றார். டேப் வைத்து அளந்து பார்த்தார்கள். 125 செ.மீ. இருக்க வேண்டியது 120 செ.மீ. இருந்தது. ஏற்கெனவே பாய்ந்தவர்கள் வேண்டுமானால் மறுபடி பாயலாம் என்று அறிவித்தார்கள். அதற்குள் ஹோர்கினா அடுத்த பிரிவுக்குப் போய், அட்லாண்டாவில் தான் தங்கம் வென்ற அதே கம்பிகளிலிருந்தும் விழுந்திருந்தார். மறுவாய்ப்பால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஐந்து சென்டிமீட்டர். மூன்று விரல் அகலம்தான். இத்தனை திறமைசாலிகளின் கண்ணுக்கு அது ஏன் படவில்லை? படாவிட்டாலும் போகட்டும், மேலே போன பிறகாவது ஏன் சுதாரித்துக்கொள்ள முடியவில்லை?

ஜிம்னாஸ்டிக்ஸைப் பார்க்கும் எவருக்கும் வித்தை முழுதும் காற்றில் நடப்பதாகத்தான் தோன்றும். கைதட்டலும் அங்கேதான் விழுகிறது. ஆனால் காற்றில் இருக்கும் உடம்புக்குப் பிடித்துக்கொள்ள ஏதுமில்லை, உதைத்துக்கொள்ளவும் ஏதுமில்லை. எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம், எத்தனை வேகச் சுழற்சி என்பதெல்லாம் கால் பலகையையும் கை திண்டையும் விட்டுப் பிரியும் கணத்திலேயே முடிவாகிவிடுகின்றன. பிறகு நியூட்டன் பார்த்துக்கொள்வார்.

வால்ட்டையே எடுத்துக்கொள்வோம். ஓடிவர அதிகபட்சம் 25 மீட்டர். அதற்குள் நல்ல வீராங்கனை ஒருவர் நொடிக்கு ஏழு, எட்டு மீட்டர் வேகம் எடுத்துவிடுவார். ஊருக்குள் போகும் மொபெட்டின் வேகம் அது. பலகையில் கால் படுவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரம் என்று சொன்னால் அதுகூட மிகை, இமைப்பதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும். அந்தப் பத்தில் ஒரு பங்குக்குள் முன்னோக்கி வந்த வேகத்தின் ஒரு பகுதி மேல்நோக்கித் திரும்ப வேண்டும். இன்னொரு பகுதி சுழற்சியாக மாற வேண்டும். தோளும் முதுகும் கணுக்காலும் இறுகிக் கட்டையாக நிற்க வேண்டும். எங்கேயாவது தொய்ந்தால் பலகை திருப்பித் தர வேண்டிய விசையை உடம்பே விழுங்கிவிடும்.

இத்தனை பாடுபட்டுக் கிடைக்கும் காற்று நேரம் ஏறக்குறைய ஒரு நொடி. அதைக் கூட்டுவது லேசான காரியமல்ல. ஒரு நொடி மேலே இருக்க உடலின் நிறைமையம் சுமார் 1.2 மீட்டர் உயர வேண்டும். 1.4 நொடி வேண்டும் என்றால் உயரம் 2.4 மீட்டராகிவிடும். நேரம் கொஞ்சம் கூட, உயரம் இரட்டிப்பாகிறது. ஈர்ப்புவிசையிடம் பேரம் படியாது. ஆகவே கடினமான வித்தைகளை விரும்புகிறவர்கள் நேரத்தைக் கூட்டுவதைவிடக் கிடைத்த நேரத்துக்குள் வேகமாகச் சுழலவே வழி தேடுகிறார்கள்.

அங்கேதான் பள்ளிப் பாடத்தில் படித்த கோண உந்தம் வருகிறது. வெளியிலிருந்து திருப்புவிசை இல்லாதவரை அது மாறாது. மாற்ற முடிவது உடலின் வடிவத்தை மட்டும்தான். முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு பந்தாகச் சுருண்டால், கரண அச்சைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன் உடலை நீட்டி வைத்திருக்கும்போது இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்துவிடும். சுழலும் வேகம் அதே விகிதத்தில் ஏறும். இறங்குவதற்குச் சற்று முன் உடலை விரித்தால் வேகம் தணியும். விரித்தாலும் சுழற்சி அடியோடு நின்றுவிடாது. தரையில் கால் பதித்து நிற்பவரைப் பாருங்கள், மிச்சமிருக்கும் சுழற்சியைக் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் வாங்கிக்கொள்ளும் வேலைதான் அந்த ஒரு கணத்தில் நடக்கிறது. அப்போது காலில் ஏறும் விசை உடல் எடையைப் போலப் பத்து மடங்கையும் தாண்டும்.

கரணம் புரிந்துவிடுகிறது. வியப்பு முறுக்கில் இருக்கிறது. தலைகீழாகப் புரண்டுகொண்டே, தலைக்கும் பாதத்துக்கும் இடையிலான அச்சைச் சுற்றியும் உடல் திருகுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி தரையிலேயே கிடைக்கிறது. எழும்பும்போதே தோளைச் சற்றுத் திருப்பிவிட்டால் போதும். மறுபகுதி காற்றில் பிறக்கிறது. நேராகப் புரண்டுகொண்டிருப்பவர் ஒரு கையை மேலேயும் மறு கையை இடுப்போடும் வீசினால், அதை ஈடுகட்ட உடல் முழுவதும் எதிர்ப்பக்கம் சில பாகை சாய்கிறது. சாய்ந்த உடல் பழைய கோண உந்தத்தைக் கணக்கு பிசகாமல் காப்பாற்ற வேண்டுமென்றால் நீள அச்சைச் சுற்றியும் சுழன்றே ஆக வேண்டும். நீள அச்சில் மனித உடல் மெலிந்த கழி. அந்தப் பக்கத் திருப்புத்திறன் கரண அச்சில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதனால் பத்துப் பாகை அளவு சாய்வே ஒரு கரணத்துக்குள் ஓரிரு முறுக்குகளைப் பிறப்பித்துவிடும். முறுக்கை நிறுத்த கைகளை மறுபடி மாற்றிச் சாய்வை எடுத்துவிட வேண்டும்.

விழும் பூனை நான்கு காலில் இறங்கும் விதத்தை 1894இல் பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியன் ஜூல் மரே படத்தொடராக எடுத்துக் காட்டினார். சுழற்சியே இல்லாமல் விடப்பட்ட பூனை, இடுப்பை வளைத்து முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாகத் திருப்பித் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்கிறது. மனிதர்களும் அதைக் கொஞ்சம் செய்கிறார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் மாரிஸ் யீடன் இந்த வழிகளையெல்லாம் கணினி மாதிரிகளில் பிரித்துக் காட்டினார். தரையில் வாங்கிய முறுக்கு எவ்வளவு, கையால் வந்தது எவ்வளவு, இடுப்பால் வந்தது எவ்வளவு என்று வீரரின் படச்சுருளைப் பார்த்தே கணக்கிடலாம். வீரருக்கு இந்தக் கணக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. 2013இல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த உலகப் போட்டியில், ஜப்பானின் ஷிராய் கென்ஸோ ஒரே கரணத்துக்குள் நான்கு முறுக்குகளைச் சுருட்டி வைத்தார். வயது 17. இன்று அந்த வித்தையின் பெயரில் அவர் பெயரும் இருக்கிறது.

ஏன் இவர்கள் எல்லோரும் குள்ளமாகவே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. ஓர் ஆளை எல்லாத் திசையிலும் பத்து சதவீதம் பெரிதாக்கினால் தசையின் வலு சுமார் 21 சதவீதம் கூடும். சுழலவிடாமல் தடுக்கும் நிலைமத் திருப்புத்திறனோ 61 சதவீதம் கூடும். அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸின் உயரம் 142 செ.மீ. அது குறையல்ல, முதலீடு.

இந்தக் கணக்கைப் பயிற்சியாளர்கள் அனுபவத்தால் அறிந்திருந்ததன் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். 1976இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கோமனேச்சி முழு மதிப்பெண் 10 வாங்கியபோது அவருக்கு வயது 14. எண்பலகையில் அத்தனை இலக்கம் இல்லாததால் 1.00 என்று காட்டியது. உலகம் மயங்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு வளராத உடலைத் தேடுவதும், வளர்கிற உடலைப் பட்டினி போட்டு நிறுத்திவைக்கப் பார்ப்பதும் பல நாடுகளில் பயிற்சி முறையாகவே ஆகிப்போயின. 1997 முதல்தான் குறைந்தபட்ச வயது 16. எலும்பு வளரும்போது மூளை பழகிய அளவுகளும் மாறிவிடுகின்றன, நேற்று வந்த கரணம் இன்று வராது, மறுபடி பழக வேண்டும். அதற்குப் பொறுமை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உஸ்பெகிஸ்தானின் ஒக்ஸானா சுசோவிதினா சாட்சி. 1992 பார்சிலோனா முதல் 2021 டோக்கியோ வரை எட்டு ஒலிம்பிக்குகள். டோக்கியோவில் ஆடியபோது வயது 46.

சரி, ஐந்து சென்டிமீட்டருக்கு வருவோம். கண்ணில் படும் ஒன்றுக்கு ஏற்பத் தசை அசைய ஏறக்குறைய 0.2 நொடி பிடிக்கும். சாலையில் வண்டி ஓட்ட இது தாராளம். ருமேனியாவின் சிமோனா அமனார் பெயரில் உள்ள வால்ட்டில் காற்றில் இரண்டரை முறுக்கு, அதாவது 900 பாகை. அது ஒரு நொடிக்குள். கண் ஒன்றைப் பார்த்து, மூளைக்குச் சொல்லி, மூளை தசைக்கு உத்தரவிடுவதற்குள் உடல் இன்னும் அரைச் சுற்று, 180 பாகை, திரும்பிவிட்டிருக்கும். வந்த செய்தி பழைய செய்தி. பாலே ஆடுபவர்கள் சுழலும்போது ஒரு புள்ளியைப் பார்த்தபடி தலையைக் கடைசியாக வெட்டித் திருப்புவார்கள். அந்த உபாயமும் இங்கே செல்லாது, தலைகீழாகப் புரளும்போது எந்தப் புள்ளியைப் பார்ப்பது?

கண் கைவிட்ட இடத்தில் காது வருகிறது. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழாய்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கின்றன. உள்ளே திரவம். தண்ணீர்க் குடத்தைச் சட்டென்று திருப்பினால் குடம் திரும்பும், தண்ணீர் கொஞ்சம் பின்தங்கும், அதே கதைதான். பின்தங்கிய திரவம் கூழ் போன்ற ஒரு மெல்லிய தடுப்பை வளைக்கிறது. அதில் பதிந்திருக்கும் மயிர்க்கலங்கள் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக என்று மூளைக்குச் சொல்கின்றன. ராட்டினத்தில் நீண்ட நேரம் ஒரே வேகத்தில் சுற்றினால் திரவமும் கூடவே சுற்றத் தொடங்கி இந்தக் கருவி ஏமாந்துபோகும், தலை கிறுகிறுக்கும். கரணம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் அங்கே அது நன்றாகவே வேலை செய்கிறது. பக்கத்திலேயே சுண்ணாம்புத் துகள்கள் பதித்த இரண்டு பைகள் நேர்கோட்டு முடுக்கத்தையும் ஈர்ப்பையும் உணர்கின்றன. காற்றில் விழும் உடலுக்குத் தன் எடை தெரியாது என்பதால், எது கீழே என்று சொல்ல அந்தப் பைகளால் முடியாது. சுழற்சி தெரியும். திசை தெரியாது.

மீதியை நிரப்புவது சிறுமூளை. ஆயிரக்கணக்கான முறை செய்த அசைவு ஒன்றுக்கு, அடுத்த கணம் என்ன உணர்வு வர வேண்டும் என்ற முன்கணிப்பு அங்கே எழுதப்பட்டிருக்கிறது. வருகிற உணர்வு கணிப்போடு பொருந்தினால் யாரும் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. சிறு பிசகு என்றால் சிறு திருத்தம், கையைச் சற்று முன்னதாக இறக்குவது, முழங்காலை ஒரு கணம் தாமதமாக விரிப்பது. நாம் அரங்கில் பார்ப்பது முன்பே எழுதி வைத்த ஒரு பிரதியின் வாசிப்பு. சிட்னியில் தவறியது இதுதான். அன்று பலர் பாய்ந்த முறையில் குதிரைக்கு முதுகு காட்டித்தான் பின்னோக்கிக் கையை ஊன்ற வேண்டும். கண் பார்க்கவில்லை. 125 செ.மீ. என்று எழுதிவைத்திருந்த உடல், அந்த உயரத்தில் திண்டு இருக்கும் என்று கையை நீட்டியது. தொடும் தருணம் நொடியில் நூறில் ஓரிரு பங்கு பிசகியது. தள்ளும் விசை குறைந்தது. அதன் பிறகு சுதாரிக்கக் காற்றில் ஏதும் இல்லை.

இப்போது டோக்கியோ. 2021 ஜூலை 27, பெண்கள் அணி இறுதி. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன ஒலிம்பிக், பார்வையாளர் இல்லாத அரங்கம். பைல்ஸ் தனக்குத் தண்ணீர்பட்ட பாடான அமனார் வால்ட்டுக்கு ஓடினார். பலகை, கை, எழும்பல் எல்லாம் வழக்கம்போல. காற்றில் முறுக்கு தொடங்கியது. ஒன்று. ஒன்றரை. அங்கே உடல் திறந்துகொண்டது. தலை பக்கவாட்டில் எதையோ தேடியது. ஆழமாகக் குந்தி, முன்னால் ஒரு பெரிய எட்டு எடுத்து வைத்து, எப்படியோ காலில் நின்றார். மதிப்பெண் 13.766. அவர் வாங்கிப் பழகிய எண்ணே அல்ல. வர்ணனையாளர்கள் கால் பிசகிவிட்டதோ என்று பேசிக்கொண்டிருக்கையில் அவர் அரங்கை விட்டு வெளியே போனார், திரும்பி வந்து உடை மாற்றிக்கொண்டு அணித் தோழிகளுக்குக் கைதட்டினார். அன்று ரஷ்ய அணி தங்கம் வென்றது.

ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களில் இதற்கு ட்விஸ்டீஸ் என்று பெயர். முறுக்கின் நடுவில் நான் எங்கே இருக்கிறேன் என்ற உணர்வு அறுந்துபோவது. டிராம்போலின் ஆடுபவர்களுக்கும் நீர்ப்பாய்ச்சல்காரர்களுக்கும் வரும். மனத் தளர்ச்சி, பயம், பதற்றம் என்று அன்றைக்கு ஆளாளுக்குப் பெயர் வைத்தார்கள். சிலர் கோழை என்றும் எழுதினார்கள். அதை எழுதியவர்கள் கட்டிலிலிருந்து தரைக்குக் குட்டிக்கரணம் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். பதற்றத்துக்குப் பங்கு இருக்கலாம். தானாக ஓடும் அசைவை ஒருவர் உணர்ந்து கவனிக்கத் தொடங்கினால் அது தடுமாறும் என்பது இயக்கக் கட்டுப்பாட்டு ஆய்வுகளில் நன்கு பதிவானது. பதற்றம் செய்வது அந்த வேலையைத்தான், ஓடிக்கொண்டிருக்கும் பிரதிக்குள் விழிப்பு மனதைக் கொண்டுவந்து நுழைக்கிறது. ஆனால் விளைவு மனதோடு நிற்பதில்லை. இரண்டரை என்று தொடங்கிய உடல் ஒன்றரையில் திறந்தால் கால் இருக்க வேண்டிய இடத்தில் கழுத்து இருக்கலாம்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜுன்டெண்டோ பல்கலைக்கழகத்தின் பயிற்சிக்கூடத்துக்குப் போய், மெத்தென்ற பரப்பில் முறுக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். வரவில்லை. முதுகில் விழுந்த காட்சிகளைத் தானே பொதுவில் காட்டினார். ஆல்ரவுண்ட், வால்ட், கம்பி, தரை என்று நான்கு இறுதிகளிலிருந்து விலகினார். ஆகஸ்ட் 3 அன்று பீமில் மட்டும் ஏறினார். பத்து சென்டிமீட்டர் அகலப் பலகை அது. இறங்கும்போது வழக்கமாகப் போடும் முறுக்கை எடுத்துவிட்டு, முறுக்கே இல்லாத இரட்டைக் கரணமாக மாற்றியிருந்தார். கரணம் போடும் அறிவு அவரிடம் பத்திரமாகவே இருந்தது. அறுந்திருந்தது முறுக்கின் கணிப்பு மட்டும். ஒரு விஞ்ஞானி சோதனைக்கூடத்தில் மாறிகளைப் பிரிப்பதுபோல் பிரித்து, கெடாத பகுதியை மட்டும் வைத்து வெண்கலம் வாங்கினார்.

விலகும் உரிமை இல்லாதவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. சோவியத் வீராங்கனை எலெனா முகினா, 1978 உலக சாம்பியன். அமெரிக்க வீரர் கர்ட் தாமஸ் தரைப் பிரிவில் கொண்டுவந்த ஒரு கரணத்தை, ஒன்றே முக்கால் புரளலும் ஒன்றரை முறுக்குமாகப் போய்த் தலைக்கு மிக அருகே தரை தொட்டு உருண்டெழும் வித்தையை, அவர் கற்றாக வேண்டும் என்று முடிவாயிற்று. 1979இல்தான் கால் முறிந்திருந்தது. அது முழுதும் தேறவில்லை. தேறாத கால் உயரத்தைத் தராது, உயரம் இல்லாவிட்டால் சுழற்சி முடிவதற்குள் தரை வந்துவிடும். மேலே நாம் பார்த்த கணக்குதான். இந்தக் கரணத்தில் கழுத்தை உடைத்துக்கொள்ளப் போகிறேன் என்று பயிற்சியாளரிடம் சொன்னதாகப் பின்னாளில் அவரே கூறினார். 1980 ஜூலை 3, மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கையில், மின்ஸ்க் நகரில் முகவாய் தரையில் மோதிக் கழுத்தெலும்பு நொறுங்கியது. கரணம் தப்பினால் மரணம் என்பார்கள். இவருக்கு அது 26 ஆண்டு கழித்து, படுக்கையிலேயே வந்தது. பெண்கள் பிரிவில் அந்தக் கரணம் பிறகு தடை செய்யப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர் தேர்ந்தெடுத்தது ப்ரொதுனோவா. ரஷ்யாவின் எலெனா ப்ரொதுனோவா 1999இல் செய்துகாட்டிய வால்ட் அது. திண்டில் கை ஊன்றிய பிறகு முன்னோக்கி இரண்டு முழுக் கரணம். முன்னோக்கிப் புரள்வதில் ஒரு தொல்லை உண்டு. பின்கரணத்தில் இறங்குவதற்கு முன் தரை கண்ணுக்குள் வந்துவிடும், உடலை எப்போது விரிப்பது என்று கடைசியில் ஒரு முறை சரிபார்க்கலாம். முன்கரணத்தில் தரை முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. பாதம் படும்வரை தெரியாது. இரண்டாவது கரணம் முடிவதற்குள் காலம் தீர்ந்துவிட்டால் முதலில் தரை தொடுவது பின்னந்தலையோ கழுத்தோ. பத்திரிகைகள் இதை மரண வால்ட் என்று எழுதியதில் கொஞ்சம் விளம்பரம் இருந்தது. முழுப் பொய் இல்லை.

தீபாவுக்குத் தட்டைப் பாதம். உதைத்தெழும் தருணத்தில் வில்லாக வளைந்து நிமிர வேண்டிய பாதம் பலகையாக இருந்தால் வால்ட்டுக்கு அது பெரிய பாதகம். பயிற்சியாளர் பிஷ்வேஷ்வர் நந்தி முதலில் செய்த வேலை அந்தப் பாதத்துக்கு வளைவு கொண்டுவர ஆண்டுக்கணக்கில் பயிற்சி கொடுத்தது. உபகரணம் என்று சொல்லிக்கொள்ள அகர்தலாவில் அப்போது அதிகம் இல்லை, பழைய ஸ்கூட்டர் உதிரிபாகங்களைக் கொண்டு பலகை செய்து பழகிய காலம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். 2016இல் ரியோ, ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை.

ஆகஸ்ட் 14 இரவு இந்தியாவில் பலர் முதன்முறையாக ஜிம்னாஸ்டிக்ஸ் பார்த்தார்கள். இரண்டாவது வால்ட்டாக ப்ரொதுனோவா. இரண்டு கரணமும் முடிந்தன, ஆனால் முடிந்தபோது தரைக்கு மிக அருகில் வந்திருந்தார். பாதம் பதிந்தது. இடுப்பு கிட்டத்தட்ட மெத்தையை உரசும் அளவுக்கு இறங்கி, அங்கிருந்து எழுந்து நின்றார். 15.266. முதல் வால்ட்டின் 14.866ஐயும் சேர்த்துச் சராசரி 15.066. வெண்கலம் வென்ற சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைன்க்ரூபருக்கு 15.216. வித்தியாசம் 0.150. குந்தாமல் சற்று நிமிர்ந்து நின்றிருந்தால் என்று நாடே பெருமூச்சு விட்டது. நிமிர்ந்து நிற்க இன்னும் சில சென்டிமீட்டர் உயரமும் சற்று முன்னதாக முடியும் சுழற்சியும் வேண்டும். அதெல்லாம் பலகையை விடுகிற அந்தப் பத்தில் ஒரு பங்கு நொடியில் கிடைத்திருக்க வேண்டியவை.

ஆபத்து தெரிந்தும் ஏன் அதைத் தேர்ந்தெடுத்தார்? மதிப்பெண் விதிப் புத்தகத்தைப் படித்தால் தெரியும். பத்துக்குப் பத்து முறை 2006இல் போயிற்று. கடினத்துக்கு ஓர் எண், செய்நேர்த்திக்குப் பத்திலிருந்து கழித்து ஓர் எண், இரண்டின் கூட்டல். ரியோவின்போது ப்ரொதுனோவாவின் கடினம் 7.0, அமனாருக்கு 6.3. அமனாரை நேர்த்தியாக்கச் சிறுவயதிலிருந்தே நல்ல கூடம், மெத்தைக் குழி, பல பயிற்சியாளர்கள் வேண்டும். அவை இல்லாத நாட்டிலிருந்து வருகிற ஒருத்திக்கு, கொஞ்சம் அலங்கோலமாக இறங்கினாலும் கணக்கில் தேறுகிற வால்ட் ஒன்று ப்ரொதுனோவாதான். எகிப்து, டொமினிகன் குடியரசு வீராங்கனைகளும் இதையே முயன்றார்கள் என்பது தற்செயல் அல்ல. ரியோவுக்குப் பிறகு அதன் மதிப்பை 6.4ஆகக் குறைத்துவிட்டார்கள். துணிச்சலுக்குக் கொடுத்த விலையை இறக்கியது நியாயமே. நல்ல கூடம் இல்லாதவர்களுக்கு வேறு வழி திறக்கப்படவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பைல்ஸும் இதன் மறுபக்கத்தைப் பார்த்தவர். 2019இல் அவர் பீமிலிருந்து இரட்டை முறுக்கோடு இரட்டைக் கரணம் போட்டு இறங்கும் வித்தையைக் கொண்டுவந்தபோது, மற்றவர்கள் இதைப் பார்த்துக் கழுத்தை உடைத்துக்கொள்ளக் கூடாது என்று சர்வதேசக் கூட்டமைப்பு அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்பே கொடுத்தது. அவர் கோபப்பட்டார்.

நல்ல பயிற்சிக்கூடம் ஒன்றில் இந்த வித்தைகள் எப்படி வளர்கின்றன என்று பார்த்தால் அலுப்பாக இருக்கும். அலுப்புத்தான் அதன் மேன்மை. முதலில் டிராம்போலின். காற்று நேரம் தாராளமாகக் கிடைக்கிறது, சிறுமூளை நிதானமாகப் பிரதி எழுதுகிறது. பிறகு ஃபோம் துண்டுகள் நிரப்பிய குழி. தலைகுப்புற விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, ஆகவே உடல் சுருங்காமல் முழு வேகத்தில் முயல்கிறது. அடுத்துக் குழியின் மேல் ஒரு மெத்தை, பிறகு தரையில் அடுக்கிய மெத்தைகள், வாரங்கள் போகப்போக அடுக்கில் ஒன்று ஒன்றாகக் குறையும். நடுவில் பயிற்சியாளரின் கை. முதுகுக்கும் தொடைக்கும் கீழே அது வைக்கும் அழுத்தம் நாளுக்கு நாள் இளகி, கடைசியில் தொடாமலே கூடப் போகும். எடையைத் தாங்குவதைவிட முக்கியமான ஒன்றை அந்தக் கை செய்கிறது, பயம் பிரதிக்குள் எழுதப்படாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரு மோசமான விழுகையும் ஓர் அனுபவமாகச் சிறுமூளையில் பதியும். அதை அழிக்க நூறு நல்ல இறக்கங்கள் வேண்டியிருக்கலாம்.

இதனால்தான் பயிற்சியாளரின் குணம் வெறும் ஒழுக்க விஷயமாக நின்றுவிடுவதில்லை. வலிக்கிறது என்று சொல்ல முடியாத கூடத்தில் வலி என்ற தகவலே பயிற்சியிலிருந்து நீங்கிவிடுகிறது. அமெரிக்க அணி மருத்துவர் லாரி நாஸர் பல நூறு பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தவர், அந்த வழக்கில் 2018 ஜனவரியில் 175 ஆண்டு வரை சிறைத்தண்டனை பெற்றார். பைல்ஸும் அவரால் பாதிக்கப்பட்டவர், டோக்கியோ முடிந்த இரண்டு மாதத்துக்குள் அமெரிக்க செனட்டில் சாட்சியம் சொன்னார். அத்தனை ஆண்டுகள் அது மறைந்து கிடந்தது எப்படி என்று விசாரித்தவர்கள் சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று: கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய ஐந்து வயதிலிருந்து பழக்கப்பட்ட பிள்ளைகள். பிரிட்டனின் ஜிம்னாஸ்டிக்ஸ் கூடங்களைப் பற்றி 2022இல் வெளிவந்த வைட் விசாரணை அறிக்கையும் பட்டினி, எடை பார்க்கும் சடங்கு, காயத்தோடு ஆடவைத்தல் என்று அதே கதையை வேறு ஊரில் சொன்னது.

2023 அக்டோபர், ஆன்ட்வெர்ப். டோக்கியோவுக்குப் பின் பைல்ஸ் கலந்துகொண்ட முதல் உலகப் போட்டி. தகுதிச் சுற்றில் எந்தப் பெண்ணும் சர்வதேசப் போட்டியில் செய்திராத ஒரு வால்ட்டை எடுத்துக்கொண்டார், பின்னோக்கிப் பாய்ந்து, கால் மடங்காமல் இடுப்பில் மட்டும் மடிந்து இரட்டைக் கரணம். முறுக்கு கிடையாது. இறங்கும் மெத்தைக்குப் பக்கத்தில் பயிற்சியாளர் லாரன்ட் லாண்டி கையை நீட்டத் தயாராக நின்றார். அவர் பைல்ஸைத் தொடவே இல்லை. ஆனாலும் விதிப்படி, பயிற்சியாளர் மேடையில் நின்றாலே 0.5 வெட்டு. வெட்டியது போக 15.266 வந்தது, ரியோவில் தீபாவின் ப்ரொதுனோவாவுக்குக் கிடைத்த அதே எண். அந்த அரைப் புள்ளி போகட்டும் என்று இருவரும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். வால்ட் இறுதியில் சுழற்சி கூடிப்போய் அவர் பின்னால் சாய்ந்து விழுந்தார். லாண்டி அன்றும் மெத்தைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார், வெட்டு அன்றும் விழுந்தது. தங்கம் பிரேசிலின் ரெபேக்கா ஆன்ட்ராஜிக்குப் போனது. இரண்டாம் இடத்தில் நின்ற பைல்ஸ், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிரீடத்தை எடுத்து அவர் தலையில் வைப்பதுபோல் பாவனை செய்தார்.